பஞ்சுக்கிடங்குத் தெரு நிழல் நிதி

பஞ்சுக்கிடங்குத் தெருவில் வரிசையாக நின்ற பத்தொன்பது தூங்குமூஞ்சி மரங்களையும் மழைநீர்க் கால்வாய் வேலைக்காக வெட்டிச் சாய்த்த பதினேழாம் நாள், சித்திரை வெயில் தார்ச்சாலையை இளக்கி, நடப்பவர்களின் செருப்பை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தத் தெருக்காரர்களின் நிழல்கள் தரையிலிருந்து கழன்று வரத் தொடங்கின.

முதலில் கழன்றது இஸ்திரி வண்டி சொர்ணத்தின் நிழல். பெட்டியில் கரி போடக் குனிந்தவள், தன் நிழலின் ஓரம் கஞ்சி போட்ட வேட்டி முனைபோலத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டாள். இருபத்தாறு வருடமாகத் துணியோடு புழங்கிய கை யோசிக்கக் காத்திருக்கவில்லை, முனையைப் பிடித்து இழுத்தது, உதறியது, நாலாக மடித்து வண்டியின் கீழ்த்தட்டில் வைத்தது. வலிக்கவில்லை. நனைந்த காலுறையைக் கழற்றியதுபோல இருந்தது என்று பிறகு சொன்னாள். அதைப் பார்த்துப் பங்க்சர் கடை ஜாபர் பாய் தன்னுடையதைக் கழற்றினார், அவரைப் பார்த்து ஆட்டோ நிறுத்தத்தில் இருந்த ஏழு பேரும் கழற்றினார்கள், மத்தியானத்துக்குள் தெருவில் பாதிப் பேர் தங்கள் நிழலைத் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

கழற்றிய நிழலைக் கயிற்றில் கட்டித் தலைக்குமேல் விரித்தால் கீழே குளுகுளுவென்று இருப்பதை ஜாபர் பாய்தான் கண்டுபிடித்தார். அன்றோடு சண்டையும் ஆரம்பமாயிற்று. அவர் நிழலுக்குக் கீழே அவரைக் கேட்காமல் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆறடி உயர வங்கிக் காவலாளி உலர்த்தியிருந்த நிழலை யாரோ எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு குட்டை நிழலை மாட்டிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை மாலை, பள்ளிக்கூட ஆயாவின் நிழலை ஒரு முனையில் பூக்காரரும் மறுமுனையில் கூரியர்காரரும் பிடித்து இழுத்ததில் அது நடுவில் கிழிந்துபோயிற்று. ஆயா அதைச் சொர்ணத்திடம் எடுத்துவந்தாள். சொர்ணம் இரண்டு துண்டையும் ஒட்டவைத்து மேலே சூடான பெட்டியை ஓட்டியதும் தையல் போட்ட தடமே இல்லாமல் சேர்ந்துகொண்டது.

"ஒட்டுது. ஒட்டுறது பிரச்சனை இல்ல. அடிச்சுக்கிறாங்களே, அதுக்கு என்ன பண்றது?" என்றாள் சொர்ணம். பிறகு ஜாபர் பாயைக் கூட்டிக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்குப் போய் ஜெசிந்தாவின் கதவைத் தட்டினாள்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. வக்கீல், ஆனால் கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். பல பேர் பணத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரு நிதியாக்கித் தொழில்களில் முதலீடு செய்யும்போது, அந்த நிதி எந்த உருவத்தில் நிற்க வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும், யார் அதை நடத்த வேண்டும், என்றைக்கு, எப்படிப் பிரித்துத் திருப்பித்தர வேண்டும் என்று எழுதித் தருவது அவள் வேலை. இருபத்தொரு வருடமாக அதையே எழுதிவந்தாள். சிங்கப்பூரிலும் மொரிஷியஸிலும் இருந்த, அவள் முகம் பார்த்தறியாத மனிதர்கள், அவள் எழுதிய நூற்றிருபது பக்கங்களை நம்பித் தங்கள் சேமிப்பை ஒரே பானையில் கொட்டினார்கள். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்த பிறகுதான் அவள் அடுத்த வரிக்குப் போவாள்.

"வக்கீலம்மா, இதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"நிழலுக்குன்னு தனியா இல்லக்கா. ஆனா பல பேரோடத ஒன்னாச் சேர்த்து, எல்லாருக்கும் ஆகுற மாதிரி வெச்சிருந்து, கடைசியில திருப்பிக் குடுக்கிறதுக்கு இருக்கு. அதுலதான் நான் சோறு திங்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் கூடியது. ஜெசிந்தா ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எல்லோருடைய நிழலையும் சேர்த்து ஒரே பந்தலாக்கலாம் என்றாள். பந்தல் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

"ஏன் கூடாது?" என்று ஜாபர் பாய் கேட்டார்.

"சொந்தக்காரர் கையிலயே இருந்தா, மனசு மாறுனா உருவிட்டுப் போயிடுவாரு. நடத்துறவர் கையில இருந்தா, நாலு மாசத்துல அது தன்னோடதுன்னு நெனச்சுடுவாரு. அதனாலதான் வெச்சிருக்கிற ஆளு வேற."

"வெச்சிருக்கிற ஆளு யாரு?"

"தெருவோட துணி பூரா யாரு கையில இருக்கு? இருபத்தாறு வருஷத்துல ஒரு கர்சீஃப் மாறியிருக்கா?"

எல்லோரும் சொர்ணத்தைப் பார்த்தார்கள். சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "துணின்னா சரி," என்றாள்.

நடத்துபவர் யார் என்பதும் சீக்கிரம் முடிவாயிற்று. தரைத்தளத்தில் குடியிருந்த சடகோபன், மின்சார அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் எந்த வட்டாரத்துக்கு எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். ஐந்தடி ஒரு அங்குல உயரம். எப்போதும் சட்டைப்பையில் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் இருக்கும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"பண்றேன்," என்றார், பேனாவைத் திறந்துகொண்டே. "ஆனா நான் போடற அட்டவணையில யாரும் கை வைக்கப்படாது."

"சார், கரண்ட நிறுத்துன மாதிரி நிழல நிறுத்திடாதீங்க," என்றார் ஜாபர் பாய்.

அளப்பதில்தான் முதல் சிக்கல் வந்தது. நீளத்துக்கு ஏற்பப் பங்கு என்று சொன்ன மறுநாளே, இருபது பேர் காலை ஆறரை மணிக்கு, நிழல் பனைமரமாக நீண்டு கிடக்கும் நேரத்தில் வந்து வரிசையில் நின்றார்கள். ஜெசிந்தாவுக்கு இது புதிதல்ல. எந்த நிதியிலும் தன் பொருளின் மதிப்பு உச்சத்தில் இருக்கும் நாளைப் பார்த்துத்தான் மனிதர்கள் உள்ளே வர விரும்புவார்கள். "எல்லாருக்கும் காலை ஒன்பதரை மணி நிழல்தான்," என்று எழுதினாள். ஏற்கெனவே கழற்றியவர்கள் அதைக் காலடியில் மிதித்து ஒட்டிக்கொண்டு அந்த மணிக்கு வந்து நிற்க வேண்டும். அளவு முழக்கணக்கில். யார் முழம் என்று பூக்காரர் கேட்டதும், சொர்ணத்தின் முன்கையைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்து, அந்தப் படத்தைப் பத்திரத்தின் கடைசிப் பக்கமாகச் சேர்த்தாள். மழைக்காலம் தொடங்கும்போது நிதி கலைக்கப்படும், ஏனென்றால் கழற்றிய நிழல் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று சொர்ணம் சொன்னாள். அதுவரை யாரும் தன் பங்கை உருவ முடியாது, ஒன்றை உருவினால் மொத்தமும் கிழியும். கலைக்கும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் போட்ட முழம் திரும்பும். அதே நிழல் திரும்பாது, அதே அளவு திரும்பும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல அது ஆளுக்குப் பழகிக்கொள்ளும். போட்டதைவிடப் பந்தல் பெருகியிருந்தால், பெருகியதில் ஐந்தில் ஒரு பங்கு நடத்தியவருக்கு, மீதி எல்லோருக்கும். பதினோராவது விதியாக, எல்லா நிதியிலும் எழுதுகிற ஒன்றை இங்கேயும் எழுதினாள்: தான் தரும் நிழல் தனக்கு மட்டுமே உரியது, வேறு யாருக்கும் அதில் பாத்தியம் இல்லை என்று தருபவர் உறுதி சொல்ல வேண்டும், உறுதி பொய்யானால் பங்கு பறிபோகும்.

இருநூற்றுப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஜெசிந்தாவும் அவர்களில் ஒருத்தி. இருநூற்றுப் பன்னிரண்டாவதாக, வைகாசி பன்னிரண்டாம் தேதி, பழ வண்டி பூவரசி வந்தாள். திருத்தணிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள், வந்து பந்தலைப் பார்த்ததும், "எனக்கு மட்டும் இன்னா வெயில் இனிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வரிசையில்லாத வரிசையில் வந்து நின்றாள். ஏழு மாதக் கர்ப்பம். ஒன்பதரைக்கு நிற்கவைத்து, தலை முதல் பாதம் வரை நீளத்தை அளந்தார்கள். இரண்டே முக்கால் முழம். நிழல் தனக்கு மட்டுமே உரியது என்ற வரியை ஜெசிந்தா வாசித்துக் காட்டினாள். பூவரசி வயிற்றின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சொர்ணம் அவள் நிழலைப் பந்தலின் தெற்கு ஓரத்தில் வைத்து, பெட்டியை ஓட்டி, தடமில்லாமல் சேர்த்தாள்.

அந்தக் கோடையை அந்தத் தெரு அப்படித்தான் கடந்தது. காலை எட்டுக்குப் பந்தல் பள்ளிக்கூட வாசலில் இருக்கும். பத்துக்குப் பழ வண்டிகளுக்கும் பூக்கடைக்கும் போகும். பன்னிரண்டரைக்கு ஆட்டோ நிறுத்தத்துக்கு. மூன்றுக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு. மூங்கில் கழிகளும் கப்பிக் கயிறுகளும் வைத்துச் சடகோபன் அதை நகர்த்தினார், விசில் ஊதி நகர்த்தினார், நகர்த்திய நேரத்தையும் பந்தலின் அளவையும் தினமும் நோட்டில் எழுதினார். நிழல் இல்லாமல் நடப்பதற்கு மக்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். நாய்களுக்கு மட்டும் இரண்டு வாரம் ஆயிற்று. கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் நிழல் விழ, பெண் வீட்டாருக்கு விழாததைப் பற்றிச் சம்பந்தியம்மாள் கேட்டபோது, "எங்களோடது நிதியில இருக்கு," என்று பெண்ணின் அப்பா பெருமையாகச் சொன்னார். உரிமம் கேட்க வந்த அதிகாரி ஒருவர், தன் படிவத்தில் கூரை, கொட்டகை, துணிப்பந்தல் என்று மூன்று கட்டங்கள் மட்டுமே இருப்பதைக் கண்டு, பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்து யோசித்துவிட்டு, எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் போனார்.

வைகாசி மாதக் கடைசியில் சடகோபன் ஒரு செய்தி சொன்னார். பந்தல் பெருகியிருக்கிறது. போட்ட முழத்தைவிட இருக்கிற முழம் கூடுதல்.

"எப்படி சார்?" என்று கேட்டாள் சொர்ணம். "நான் எதையும் சேர்க்கலியே."

"எப்படிக் கையாள்றோம்ங்கிறதுல இருக்கு. உச்சி வெயில்ல நான் அத இறுக்கிக் கட்டறதில்ல பாருங்கோ. தளர விடறேன். மூச்சு விடறது. பெருகறது."

ஆனியில் இன்னும் கொஞ்சம் பெருகியது. தெருவில் அவர் நடந்தால் ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பெருகியது கடைசியில் ஒரு முழமும் நாலு விரலும் ஆனபோது, ஐந்தில் ஒரு பங்காகத் தனக்கு ஐந்து விரலுக்குச் சற்றுமேல் வரும் என்று கணக்குப் போட்டு, ஐந்து விரல் கூடினால் தன் நிழல் எவ்வளவு உயரம் இருக்கும் என்று அவர் சுவரில் பென்சிலால் குறித்துப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஓர் எள் அளவுகூட வராது. ஆனாலும் அந்த எள்ளைப் பற்றித்தான் தெருவே பேசியது.

ஆடி ஒன்பதாம் தேதி பூவரசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையிலிருந்து அவளைத் தன் ஆட்டோவில் கூட்டிவந்த கணவன் தணிகைவேல், வழியெல்லாம் குழந்தை வீறிட்டு அழுதது என்றான். ஆட்டோ தெருவுக்குள் நுழைந்து பந்தலுக்குக் கீழே வந்த நொடியில், யாரோ குழாயை மூடியதுபோல அழுகை நின்றது. குழந்தை தூங்கிப்போயிற்று.

பகலில் அது வேறெங்கும் தூங்கவில்லை. வீட்டுக்குள் தூங்கவில்லை, தூளியில் தூங்கவில்லை, தணிகைவேலின் தோளில் தூங்கவில்லை. பந்தலுக்குக் கீழே பழ வண்டிப் பலகையில் விரிப்பைப் போட்டுக் கிடத்தினால் மட்டும் தூங்கியது; பந்தல் நகர்ந்தால் விழித்துக்கொண்டு அழுதது. இரவில் உலகமே ஒரே நிழலாகிவிடுவதால் தொல்லையில்லை. தடுப்பூசி போடப் பக்கத்துத் தெருவைத் தாண்டிப் போன அன்று, போகும்போதும் வரும்போதும் அது அழுத அழுகையில் பூவரசியின் ரவிக்கை நனைந்தது. அந்த வெயிலில் நின்றபடிதான் அவள் முதல்முறையாகத் தரையைப் பார்த்தாள். தன் நிழல் இல்லை, அது தெரிந்ததுதான். குழந்தையின் நிழலும் இல்லை.

அவள் நேராக இரண்டாம் மாடிக்கு வந்தாள்.

"மேடம், நான் பந்தல்ல எத்தனை பேரப் போட்டேன்?"

ஜெசிந்தா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கிக் குழந்தையைப் பார்த்தாள், பிறகு பூவரசியின் வயிறு இருந்த இடத்தைப் பார்த்தாள். மூன்று முறை படிக்காமல் எதையும் விடாத அவள், அந்த வைகாசிக் காலையில் தன் கண் முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்ற வயிற்றை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

"ரெண்டு பேர," என்றாள் மெதுவாக. "ஆனா நாங்க ஒருத்தரத்தான் எழுதினோம். நீளத்த மட்டும் அளந்தோம். வயித்த அளக்கல."

"இப்ப மழை வந்தா பிரிச்சுடுவீங்கல்ல?"

"ஆமா."

"அப்ப எம்பொண்ணு எங்க தூங்கும்?"

ஜெசிந்தா நாட்காட்டியைப் பார்த்தாள். புரட்டாசி பிறக்க ஒன்பது நாள் இருந்தது. மழைக்கு, நல்லபடி போனால், ஒன்றரை மாதம் கொஞ்சம் கூட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். குழந்தை பந்தலுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லோரும் தணிந்த குரலில்தான் சண்டை போட்டார்கள்.

"பாவம்தான், யாரு இல்லேன்னது?" என்றார் சடகோபன். "ஆனா பதினோராவது விதி என்ன சொல்றது? நிழல் எனக்கு மட்டும்தான்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டிருக்கா. உள்ள இன்னொரு ஆளோடதும் இருந்திருக்கு. அப்போ உறுதி பொய். பங்கே போயிடும். நான் அதையெல்லாம் கிளப்பல. நீங்களும் இதக் கிளப்பாதீங்கோ."

"சார், வயித்துல இருக்கிறத வெளில வெச்சுட்டா வர முடியும்?" என்றார் ஜாபர் பாய்.

"அந்த வரிய எழுதினது நான்," என்றாள் ஜெசிந்தா. "வாசிச்சுக் காட்டினதும் நான். அவங்க வயித்து மேல காகிதத்த வெச்சுக் கையெழுத்துப் போட்டாங்க, அதையும் பார்த்துட்டு நின்னேன். பொய் சொன்னது அவங்க இல்ல. கேக்கத் தெரியாமக் கேட்டது நான்."

பூவரசி எழுந்தாள். "என் பங்க எம்பொண்ணுக்கு எழுதிடுங்க. எனக்கு வேணாம்."

"அது ஆகாது," என்றாள் சொர்ணம்.  "வெயில்ல புள்ள எங்க ஒண்டும்? அம்மா நிழல்லதான் ஒண்டும். உனக்கு இல்லன்னா அது எங்க ஒண்டும்?"

ஜெசிந்தா பத்திரத்தைப் புரட்டினாள். பிறகு தலை நிமிர்ந்து, பெருகிய ஒரு முழம் நாலு விரல் யாருக்குச் சேரும் என்று கூட்டத்தைக் கேட்டாள்.

"எல்லாருக்கும்," என்றார்கள். "அதுல அஞ்சுல ஒன்னு எனக்கு," என்றார் சடகோபன்.

"ஒரு முழம் நாலு விரல். பிறந்த குழந்தைய யாராவது அளந்து பார்த்திருக்கீங்களா?"

 சொர்ணம் எழுந்து பழ வண்டிக்குப் போனாள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் தன் முன்கையை வைத்தாள். தலையிலிருந்து ஒரு முழம், மீதிக்கு விரல்களை வைத்தாள், நாலு.

"சார் பெருக்குனது இல்லியா அது?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்.

சடகோபன் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "அளவு ஒத்துப்போறதுனால அதுதான்னு ஆயிடாது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்திரப்படி, யாருடைய பங்கிலிருந்தும் எள்ளத்தனை குறைக்க வேண்டுமானாலும் அந்த ஆளே கையெழுத்துப் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால் போதும் என்பது மற்ற விஷயங்களுக்கு, இதற்கு எல்லோரும். ஜெசிந்தா ஒரு காகிதம் எழுதினாள், பெருகிய அளவு முழுவதையும் குழந்தைக்கு விட்டுத் தருகிறேன் என்று ஒற்றை வரி, அவள் எழுதியதிலேயே மிகச் சிறிய பத்திரம், அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, வண்டி வண்டியாக, கடை கடையாக ஏறி இறங்கினாள். இருபத்தொரு வருடத்தில் தன் நிதிக்காரர்களை நேரில் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

ஓர் எள்ளைக் கேட்டால் மனிதர்களுக்கு எவ்வளவு சொல்ல இருக்கிறது என்பதை அவள் அப்போது தெரிந்துகொண்டாள். பூக்காரர் அந்த எள்ளை மூக்கு நுனிக்கு என்று வைத்திருந்தார். வங்கிக் காவலாளி, தொப்பைப் பக்கமாக எடுத்துக்கொள்வதானால் ஓர் எள் என்ன, ஒரு சாணே தருகிறேன் என்றார். அதைக் கேட்டு இன்னும் பதினான்கு பேர் தொப்பையைத் தர முன்வந்தார்கள்.

"குழந்தைக்கு இன்னா, வெறும் தொப்பையாலயே நிழல் செய்யப்போறீங்களா?" என்று பூவரசி சிரித்தாள்.

கூரியர்காரர், தான் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டு அரைமணி நேரம் நிறுத்திவைத்தார். எங்கேயும் போகிற உத்தேசம் இல்லை, சும்மா கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட ஆயா காகிதத்தைப் படிக்கவே இல்லை. ஜாபர் பாய் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்று போதும் என்று சொன்னதற்கு, "இருக்கட்டும், மழையில ஒன்னு அழிஞ்சா?" என்றார்.

புரட்டாசி இருபத்தெட்டாம் தேதிக்குள் இருநூற்றுப் பதினோரு கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. பங்குக்காரராகவும், அதற்கு மேல் நடத்துபவராகவும், சடகோபன் கையெழுத்து மட்டும் பாக்கி. கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் அன்றாடம் விசில் ஊதிப் பந்தலை நகர்த்தினார், ஒரு நிமிடம் பிசகவில்லை. ஆனால் பழ வண்டியிடம் வந்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பூவரசி குழந்தையோடு நகரும் வரை காத்து நின்று, அவளைப் பார்க்காமலேயே கயிற்றை இழுத்தார்.

ஜெசிந்தா நான்கு முறை அவர் கதவைத் தட்டினாள். நான்காவது முறை அவர் கதவைத் திறந்து, "உட்காருங்கோ," என்றார்.

"நான் வற்புறுத்த வரல சார்."

"வற்புறுத்தினா போட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், கால் தரையைச் சரியாகத் தொடவில்லை. "ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம். கரண்ட் போனா என்னைத் திட்டுவா. வந்தா யாரும் என்னை நெனச்சுக்க மாட்டா. இந்தத் தெருவுலதான் முதல் தடவையா, சடகோபன் கை வெச்சா பெருகும்னு சொன்னா. அஞ்சு விரலுக்காக இல்லேம்மா."

"தெரியும் சார்."

"தெரியுமா?"  அவர் நோட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நேத்து ராத்திரி சரிபார்த்தேன். இல்லேன்னு நிரூபிக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். வைகாசி பதினொன்னு வரைக்கும் போட்டதும் இருக்கறதும் சரிக்குச் சரி. பன்னெண்டாம் தேதி, அவ சேர்ந்த அன்னிக்கு, முக்கால் முழம் கூடுதல். நான் அத மாசக் கடைசி வரைக்கும் அளவுப் பிசகுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு விரலுக்குக் கொஞ்சம் மேலயே கூடறது. ஆடி ஒன்பதாம் தேதி..." விரலால் அந்த வரியைத் தட்டினார். "நின்னுடுத்து. அதுக்கப்புறம் ஒரு நூல் கூடல. நான் அதே மாதிரிதான் கட்டினேன். அதே தளர்வு. அதே மூச்சு."

ஜெசிந்தா நோட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அளவும், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"இந்த நோட்டு இல்லேன்னா யாராலயும் சொல்லியிருக்க முடியாது சார்," என்றாள்.

"ஐஸ் வைக்காதீங்கோ," என்றார் அவர். "காகிதத்தக் குடுங்கோ."

கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், தேதிக்குக் கீழே மணியும் போட்டார்.

ஐப்பசி இரண்டாம் தேதி பந்தலை இறக்கினார்கள். வானம் அதற்குள் முழுவதும் மூடிக்கொண்டிருந்தது. சொர்ணம் வண்டியில் கரியை மூட்டி, பந்தலை மடிமேல் போட்டு, சுருக்கம் நீவி, தன் முழத்தால் அளந்து அளந்து வெட்டினாள்; சடகோபன் பெயர் படித்தார்; ஒவ்வொருவராக வந்து வாங்கி, காலுக்கடியில் விரித்து, அதன்மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டார்கள். கடைசித் துண்டு பூவரசியின் குழந்தைக்கு, ஒரு முழமும் நாலு விரலும், தன் பங்கில் அரை விரலை விட்டுக்கொடுத்துத்தான் வெட்டினாள், வளர்கிற குழந்தை என்பதால். அதைக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்துச் சூடு ஆறிய பெட்டியால் மெல்ல ஒற்றினாள். அப்போது முதல் தூறல் விழுந்தது.

ஆனால் ஒட்டியதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் இருந்தால்தானே தெரியும். மழை பிடித்துக்கொண்டது, இரவும் பகலும் பெய்தது, வெயில் இல்லாத நாட்களில் குழந்தை எங்கே கிடத்தினாலும் தூங்கியது, அதனால் ஒன்றும் விளங்கவில்லை. நான்கு நாள், ஐந்து நாள், எட்டு நாள். சித்திரையில் சூரியனை வாய்க்கு வந்தபடி திட்டிய தெரு, இப்போது காலையில் கதவைத் திறந்ததும் வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டது. ஜெசிந்தா அலுவலகம் போகாமல் பால்கனியில் குடையோடு நின்றாள். ஒட்டவில்லை என்றால் திருத்தி எழுத அவளிடம் வேறு வரி கிடையாது. கலைத்த நிதியை மறுபடி சேர்க்க எந்தப் பத்திரத்திலும் வழியில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மழை விட்டது. பூவரசி ஈரமான பலகையைத் துடைத்து, கோணியும் விரிப்பும் போட்டு, குழந்தையைக் கிடத்திவிட்டுக் கொய்யாவை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேகம் ஓரிடத்தில் விரிசல் விட்டது. வெயில் பள்ளிக்கூடச் சுவரில் விழுந்தது, பிறகு பேருந்து நிறுத்தத்தில் விழுந்தது, பிறகு தெருவோடு ஊர்ந்து வந்தது.

ஐந்தரை மாதமாகத் தங்கள் நிழலைப் பார்க்காத இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூடத் தன் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை. ஜாபர் பாய் டியூபைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடிவந்தார், ஆட்டோக்காரர்கள் சாவியைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார்கள், சொர்ணம் கையில் இஸ்திரிப் பெட்டியோடு வந்தாள், சடகோபன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார், ஜெசிந்தா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். எல்லோரும் பழ வண்டியைச் சுற்றி மூன்று வரிசையாக, தோளோடு தோள் நின்று எட்டிப் பார்த்தார்கள். வண்டிப் பலகை முழுக்கக் கருநிழலாக இருந்தது.

"விழுது, விழுது," என்றார் பூக்காரர்.

"அது உன் மண்டை," என்றார் ஜாபர் பாய்.

"இது யாரோட கை?"

"என்னோடது. கொண்டை எனக்கு எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல," என்றார் வங்கிக் காவலாளி.

"இப்படிச் சுத்தி நின்னா இன்னா தெரியும்?" என்றாள் பூவரசி.  "எல்லாம் உங்க நிழல்தான் விழுது. கொஞ்சம் தள்ளுங்க. தள்ளுங்க எல்லாரும்."

யாரும் உடனே நகரவில்லை. நகர்ந்தால் பார்த்தாக வேண்டும். முதலில் சடகோபன் ஓர் அடி பின்னால் வைத்தார். குட்டையான ஒரு நிழல் பலகையைவிட்டு இறங்கிப் போயிற்று. அடுத்து ஜாபர் பாய் விலகினார், பிறகு சொர்ணம், ஆயா, காவலாளி, ஆட்டோக்காரர்கள், ஒவ்வொருவராக விலக விலக ஒவ்வொரு நிழலாக அவரவர் பின்னால் போயிற்று. பலகையில் வெளிச்சம் ஓரத்திலிருந்து உள்ளே பரவியது. தணிகைவேல் விலகினான். பூவரசி விலகினாள். கடைசியாக ஜெசிந்தா, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

வெயில் நேராகக் குழந்தையின் முகத்தில் விழுந்தது. குழந்தை ஒருமுறை முகத்தைச் சுளித்தது. அழவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது. எல்லோரும் விலகிப்போன அந்தப் பலகையில், அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, ஒரு சின்ன நிழலும் தலையைத் திருப்பிப் படுத்தது.